செக்கா, ஃபைலா, நாற்காலியா: கார்ப்பரேட் வக்கீல் உள்ளூர் அறக்கட்டளைக்கு எதைக் கொடுக்கலாம்?

போன மாதம் ஒரு ஜூனியர் போன் செய்தாள். சென்னையில் ஒரு லா ஃபர்மில் அவளுக்கு இது ஐந்தாவது வருடம். பங்கு விற்பனை ஒப்பந்தம், டியூ டிலிஜன்ஸ், ராத்திரி பதினொரு மணிக்கு வரும் "சின்ன கரெக்ஷன்" என்று ஓடுகிற பிழைப்பு. "மேடம், எங்க வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி ஒரு ஹோம் இருக்கு. அவங்களுக்கு ஏதாவது செய்யணும். பணம் கொடுக்கறதா, கேஸ் நடத்தறதா, இல்ல டிரஸ்டியா வரச் சொல்றாங்களே, அதுக்குப் போறதா?" என்றாள்.

பத்து நிமிடத்தில் ஏதோ பதில் சொன்னேன். வைத்த பிறகுதான் பாதியைத் தப்பாகச் சொல்லிவிட்டோமே என்று தோன்றியது. நானும் முதலில் ஃபர்ம், அப்புறம் ஒரு கம்பெனியின் சட்டப் பிரிவு என்று வந்தவள். அவள் கேட்டதில் ஒவ்வொன்றையும் ஏதோ ஒரு கட்டத்தில் செய்து பார்த்திருக்கிறேன், சிலதில் சொதப்பியும் இருக்கிறேன். அதனால் கொஞ்சம் பொறுமையாக எழுதுகிறேன்.

பணத்தில் தொடங்கலாம். நம்மைப் போன்றவர்களுக்கு அதுதான் சுலபம். மாதம் 5,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள், வருடத்துக்கு 60,000. ஒரு சமையல்காரம்மாவின் சம்பளத்தில் பாதிகூடத் தேறாது. ஆனாலும் மாதாமாதம் ஒன்றாம் தேதி தவறாமல் வந்துவிழும் 5,000க்கு ஒரு ஹோமில் இருக்கிற மதிப்பு, தீபாவளிக்கு ஒரு தடவை வருகிற 50,000க்குக் கிடையாது. பிறந்தநாளுக்குப் பிரியாணி போட ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். கரண்ட் பில் கட்டத்தான் ஆள் இல்லை. அக்டோபர் முதல் வாரத்தில் 'தான் உத்சவ்', அதாவது கொடைத் திருவிழா என்று ஆபீஸ் ஆபீஸாக டப்பா வைத்து நோட்டுப் புத்தகம் சேர்ப்பார்கள். நல்லதுதான், ஆனால் ஜூன் மாதத்தில் அந்த ஹோமின் வாசலில் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள்.

வரிச்சலுகைக்காகக் கொடுக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய வரிமுறையில் 30 சதவீத ஸ்லாபில் இருக்கும் ஒருவர், 80ஜி பதிவுள்ள (நன்கொடைக்கு வரிச்சலுகை தரும் பதிவு) சாதாரண டிரஸ்டுக்கு 60,000 கொடுத்தால் பாதித் தொகை, அதாவது 30,000 வரிக்குரிய வருமானத்தில் கழியும். செஸ்ஸோடு சேர்த்து 9,360 ரூபாய் மிச்சம். புதிய வரிமுறையில் இருந்தால் ஒரு பைசாகூடக் கழியாது. 2023-24 நிதியாண்டு முதல் நாமாக மாற்றிக்கொள்ளாவிட்டால் புதியதுதான் நமக்குப் பொருந்தும். ஒப்பந்தத்தில் கமாவைக்கூட விடாத வக்கீல்கள்கூட இதைக் கவனிக்காமல் மார்ச் 31 அன்று ரசீது கேட்டு ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். ரொக்கமாகக் கொடுத்தால் 2,000 ரூபாய்க்கு மேல் கழிவே கிடையாது. 2026 ஏப்ரலோடு புதிய வருமான வரிச் சட்டம் வந்து பிரிவு எண்கள் மாறினாலும், ஆடிட்டர்கள் வாயிலிருந்து "80ஜி" போக இன்னும் பத்து வருடம் ஆகும்.

பணம் கொடுப்பதை நான் குறைத்துப் பேசவில்லை. மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் 1905இல் வெங்கடரமணா ஆயுர்வேத வைத்தியசாலையைத் தொடங்கியது, வக்கீல் தொழிலில் சம்பாதித்த பேரையும் பணத்தையும் வைத்துத்தான். ஆனால் பணத்தை யாரும் கொடுக்கலாம், ஐடி கம்பெனிக்காரர் நம்மைவிட அதிகமாகவே கொடுப்பார். வக்கீலிடம் மட்டும் இருக்கிற சரக்கு என்ன என்பதுதான் கேள்வி.

வக்கீல் என்றதும் எல்லோருக்கும் கோர்ட்டுதான் ஞாபகம் வரும். நான் போய்வரும் ஹோமை நடத்துகிற அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. மதில் சுவர் விஷயத்தில் பக்கத்து மனைக்காரர் கேஸ் போட்டதும் முதல் போன் எனக்குத்தான் வந்தது.

"வக்கீலம்மா, வியாழக்கிழமை வாய்தா. நீங்க வந்து நின்னாப் போதும்."

"என்னால வர முடியாதும்மா. என் சன்னத் சஸ்பென்ஷன்ல இருக்கு."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகக் கேட்டார்: "அப்படி என்ன தப்பு பண்ணீங்க?"

தப்பெல்லாம் இல்லை. மாதச் சம்பளத்துக்கு முழுநேர வேலை பார்க்கிறவர், அந்த வேலையில் இருக்கும்வரை வக்கீலாகத் தொழில் செய்யக் கூடாது என்று பார் கவுன்சில் விதி 49 சொல்கிறது. கம்பெனி வேலைக்குப் போகும்போது நாமே எழுதிக்கொடுத்து சன்னத்தை, அதாவது வக்கீல் தொழில் உரிமத்தை, நிறுத்தி வைக்க வேண்டும். ஆக, கம்பெனியில் இருப்பவருக்கு கோர்ட் என்ற வழியே இல்லை. ஆசை இருந்தாலும் சரி, திறமை இருந்தாலும் சரி.

ஜூனியர் ஃபர்மில் இருக்கிறாள், சன்னத் உயிரோடு இருக்கிறது. அவள் சட்ட உதவிக்குப் போகலாமா? போகலாம். வசதியில்லாதவருக்கு இலவசமாக உதவுவது வக்கீலின் உயர்ந்த கடமைகளில் ஒன்று என்று அதே பார் கவுன்சிலின் விதி 46 சொல்கிறது. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி மாநிலம், மாவட்டம், தாலுகா என்று மூன்று மட்டத்திலும் அமைப்பு இருக்கிறது. அதன் பேனலில் சேர மூன்று வருடமாவது பாரில் அனுபவம் வேண்டும். மத்திய சட்ட அமைச்சகத்தின் 'நியாய பந்து' என்ற இலவச சட்ட உதவித் திட்டத்திலும் பேர் கொடுக்கலாம்.

ஆனால் உண்மையைச் சொல்கிறேன். ஐந்து வருடம் பங்குதாரர் ஒப்பந்தம் எழுதியவர் ஒரு ஜாமீன் மனுகூடப் போட்டிருக்க மாட்டார். ஜீவனாம்சக் கேஸில் எதை எந்த நேரத்தில் கேட்க வேண்டும் என்று தாலுகா கோர்ட்டில் இருபது வருடம் நிற்கிறவருக்குத்தான் தெரியும். ஏழைக்கு இலவசமாகக் கிடைப்பது கற்றுக்குட்டி வக்கீலாக இருக்கக் கூடாது. வாரத்தில் ஒரு பகலை ஃபர்ம் விட்டுக்கொடுத்து, ஒரு சீனியரின் பின்னால் நின்று இரண்டு வருடம் கற்றுக்கொள்ளத் தயார் என்றால் போங்கள். இல்லையென்றால் இதைவிடச் சின்னதாக, ஆனால் நிஜமாகவே உதவுகிற ஒரு காரியம் இருக்கிறது. பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே அந்தச் சட்டத்தின் 12ஆம் பிரிவு இலவச வக்கீல் தருகிறது. இது பல ஹோம்களுக்குத் தெரியாது. அங்கே இருக்கும் ஒரு பெண்ணுக்கு வழக்கு இருந்தால் 15100 என்ற சட்ட உதவி எண்ணுக்கு போன் செய்ய வைத்து, தாலுகா சட்டப் பணிகள் குழுவுக்குக் கூட்டிக்கொண்டு போய் மனு எழுதிக் கொடுங்கள். அதற்கு சன்னத்கூட வேண்டாம்.

இப்போது என் கட்சிக்கு வருகிறேன். கார்ப்பரேட் வக்கீல் கொடுக்கக்கூடியதில் பெரியது, யாரும் போட்டோ எடுக்காத காகித வேலை.

அதே ஹோமில் முதல் சனிக்கிழமை போய் உட்கார்ந்தபோது பச்சை பெயிண்ட் உரிந்த ஒரு ஸ்டீல் பீரோவைத் திறந்து காட்டினார்கள். மேல் தட்டில் பழைய போர்வைகள், நடுத் தட்டில் ஹார்லிக்ஸ் பாட்டிலில் பென்சில்கள், கீழ்த் தட்டில் ரப்பர் பேண்ட் இற்றுப்போய் ஒட்டிக்கொண்ட ஃபைல்கள். டிரஸ்ட் பத்திரம் 1996இல் எழுதியது. மூன்று டிரஸ்டிகள், அதில் இரண்டு பேர் காலமாகிவிட்டார்கள். காலியான இடத்தை எப்படி நிரப்புவது என்று பத்திரத்தில் தனியாக ஒரு ஷரத்து கிடையாது. பாங்க்கில் கையெழுத்துப் போட இரண்டு பேர் வேண்டும், இருப்பதோ ஒருவர். எட்டு மாதமாக ஒரு ஃபிக்ஸட் டெபாசிட்டைத் தொட முடியவில்லை.

இதற்குக் கோர்ட்டுக்குப் போவதென்றால் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 92ஆவது பிரிவு. அக்கறையுள்ள இரண்டு பேர், கோர்ட்டின் அனுமதி, அப்புறம் வருடக்கணக்கு. நான் செய்தது ஒன்றும் பெரிதல்ல. ஒரு கம்பெனியின் பங்குதாரர் ஒப்பந்தத்தைப் படிக்கிற மாதிரி அந்தப் பத்திரத்தை வரி வரியாகப் படித்தேன். பொதுவான விஷயங்கள் என்ற தலைப்பில் கடைசிக்கு முந்தின பக்கத்தில் ஒரு வாக்கியம் கிடைத்தது: ஸ்தாபகர் தம் ஆயுட்காலத்தில் உசிதம்போல் டிரஸ்டிகளை நியமிக்கலாம். ஸ்தாபகர் எதிரில் உட்கார்ந்து எனக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஒரு தீர்மானம், இரண்டு சம்மதக் கடிதம், பாங்க்குக்கு ஒரு விளக்கக் கடிதம். டெபாசிட் வந்துவிட்டது.

இது சென்னைக்குப் புதிதில்லை. பச்சையப்ப முதலியார் 1794இல் உயில் எழுதி வைத்துவிட்டுக் காலமானார். பணம் இருந்தது, தர்மம் செய்யச் சொல்லி எழுத்தும் இருந்தது, ஆனால் பல பத்து வருடங்கள் வழக்கில் கிடந்தது. அன்றைய அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் போன்ற வக்கீல்கள் விடாமல் பாடுபட்ட பிறகுதான் அந்தப் பணம் படிப்புக்கு வந்து, 1842இல் பள்ளிக்கூடம் திறந்தார்கள். கொடுக்கிறவர் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அது போய்ச் சேர வக்கீல் வேண்டியிருந்தது.

இந்தக் காகித வேலையில் என்னென்ன அடங்கும்? முதலில் வருமான வரிப் பதிவு. 2021-22இல் எல்லா டிரஸ்டுகளும் வரிவிலக்குக்கான 12ஏ பதிவை மறுபடி எடுக்க வேண்டியிருந்தது. அப்படி எடுத்த ஐந்து வருடப் பதிவு 2026 மார்ச் 31 வரை. புதுப்பிக்க ஆறு மாதம் முன்னால், அதாவது 2025 செப்டம்பர் 30க்குள் மனு போட வேண்டியிருந்தது. நான் கேட்கும்வரை எங்கள் ஹோமில் அந்தத் தேதியை யாரும் குறித்து வைக்கவில்லை. விட்டால் என்ன ஆகும்? 2023இல் வந்த திருத்தத்தின்படி பதிவைப் புதுப்பிக்காத டிரஸ்டின் நிகரச் சொத்து மதிப்பின் மேலேயே உச்ச விகிதத்தில் வரி விழலாம். இருபத்தைந்து வருடத்துக்கு முன் புறநகரில் சும்மா விலைக்கு வாங்கின இடம் இன்றைக்கு இரண்டு கோடி என்றால், வரி 60 லட்சத்தைத் தாண்டும். வருமானம் இல்லாவிட்டாலும் இந்த வரி உண்டு. சரியான காரணம் இருந்தால் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளும் அதிகாரம் 2024 அக்டோபரிலிருந்து கமிஷனருக்கு இருக்கிறது. ஆனால் அதை நம்பி இருக்க முடியாது. நல்ல செய்தியும் உண்டு: ஆண்டு வருமானம் ஐந்து கோடிக்குள் இருக்கும் டிரஸ்டுக்கு இப்போது பத்து வருடப் பதிவு கிடைக்கிறது.

அப்புறம் ஆட்களின் கணக்கு. சேவை அமைப்பு என்பதால் தொழிலாளர் சட்டம் பொருந்தாது என்று பலர் நம்புகிறார்கள். இருபது பேர் ஆனால் பிஎஃப், பத்துப் பேர் ஆனால் கிராஜுவிட்டி. அந்த அம்மா "எங்ககிட்ட பதினஞ்சு பேர்தான்" என்று அடித்துச் சொன்னார். மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது எண்ணிப் பார்த்தேன். ஆயாக்கள், சமையல், வேன் டிரைவர், ராத்திரி வாட்ச்மேன், வாரம் ஆறு நாள் வரும் டியூஷன் டீச்சர் எல்லாம் சேர்த்து இருபத்தொன்று.

குழந்தைகள் இருக்கும் ஹோம் என்றால் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில் பதிவு கட்டாயம். இல்லாமல் நடத்தினால் பொறுப்பாளருக்கு ஒரு வருடம் வரை சிறை, அல்லது ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். நல்ல மனசு இதற்கு விலக்கு ஆகாது.

இன்னொரு சின்ன வேலை, யாரும் யோசிக்காதது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் எந்த இடத்திலும் பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும், அதில் வெளியிலிருந்து ஒருவர் வேண்டும். பெரிய கம்பெனிகள் வக்கீல்களுக்குக் கணிசமாகக் கொடுத்து அந்த இடத்தை நிரப்புகின்றன. ஹோம்களுக்கு ஆள் கிடைப்பதில்லை. விசாரணை நடக்கும் நாளுக்கு 200 ரூபாய் படி என்பது விதியில் உள்ள தொகை. நான் அதை வாங்கி அங்கேயே உண்டியலில் போட்டுவிடுகிறேன். வருடத்தில் நாலைந்து தடவை போனால் போதும். ஆயாக்களும் பேசுவதற்கு ஒரு ஆள் இருக்கிறது என்று தெரிந்துகொள்கிறார்கள்.

இத்தனைக்கும் எனக்கு ஆகும் நேரம் மாதம் ஒரு சனிக்கிழமை, நாலு மணி நேரம். முதல் மூன்று மாதம் மட்டும் கூடுதலாக ஆகும். கம்பெனியில் இருப்பவர்கள் முன்கூட்டியே மேலதிகாரியிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். வெளிவேலை கூடாது என்ற ஷரத்து நம் வேலை ஒப்பந்தத்திலேயே இருக்கும், அதை நாமே எழுதியிருக்கவும் கூடும். ஆலோசனை சொல்வதோடு நிறுத்தி, வக்காலத்து பக்கமே போகாதீர்கள். ஃபர்மில் இருப்பவர்கள் கன்ஃப்ளிக்ட் செக் (ஃபர்மின் கட்சிக்காரர் யாரோடும் மோதல் வராதா என்ற சோதனை) போட்டுவிட்டு வாருங்கள்.

டிரஸ்டியாகக் கூப்பிடுகிறார்களே, அது இன்னும் மேலானது இல்லையா? மரியாதையில் மேலானது, உபயோகத்தில் சந்தேகம். நான் ஒரு தடவை, வேறொரு இடத்தில், ஆறு மாதப் பழக்கத்தில் டிரஸ்டி ஆனேன். அப்புறம் நடந்தது இதுதான்: மற்ற நாலு பேரும் படிப்பதை நிறுத்திவிட்டார்கள். "வக்கீல் பார்த்துட்டாங்கல்ல" என்று கையெழுத்து ஓடியது. ஒரு டிரஸ்டியின் மைத்துனர் கட்டடத்தில் டிரஸ்டின் ஆபீஸ் வாடகைக்கு இருந்தது, சந்தை விலைக்கு மேல். டிரஸ்டியின் உறவுக்காரருக்கு இப்படிச் சலுகை போனால் வரிவிலக்குக்கே ஆபத்து. நான் சொன்னேன், மீட்டிங்கில் ஒருத்தரும் முகம் கொடுக்கவில்லை. வெளியில் இருந்து ஆலோசகராகச் சொல்லியிருந்தால் கேட்டிருப்பார்கள், உள்ளே உட்கார்ந்து சொன்னதும் கட்சி கட்டுவதாக ஆகிவிட்டது. ஒரு வருடத்தில் ராஜினாமா செய்தேன். அதனால் என் கணக்கு: ஒரு இடத்தில் ஒரு வருடமாவது காகித வேலை பார்த்து, மூன்று வருட ஆடிட் அறிக்கையையும் மினிட்ஸ் புத்தகத்தையும் படித்து, அப்புறமும் மனசு இருந்தால் நாற்காலியில் உட்காருங்கள்.

கம்பெனியில் இருப்பவருக்கு மட்டும் ஒரு தனி வழி உண்டு, சிஎஸ்ஆர், அதாவது கம்பெனி தன் லாபத்தில் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டிய பங்கு. கம்பெனிகள் சட்டத்தின் 135ஆவது பிரிவின்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இதில் ஏதாவது ஒன்றை எட்டிய கம்பெனி மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் செலவிட வேண்டும். கம்பெனி இயங்கும் இடத்தைச் சுற்றியுள்ள பகுதிக்கு முன்னுரிமை என்று அதே பிரிவில் இருக்கிறது. ஒரகடத்தில் பாக்டரி வைத்துக்கொண்டு பணத்தை எங்கேயோ அனுப்புகிறவர்களுக்கு அந்த வரியை ஒரு மெயிலில் ஒட்டி அனுப்பலாம்.

தடை எங்கே வரும் என்றால், உள்ளூர் ஹோமிடம் அந்தப் பணத்தை வாங்கத் தேவையான சிஎஸ்ஆர்-1 பதிவு எண் இருக்காது. 12ஏ, 80ஜி, மூன்று வருட அனுபவத்துக்கான ஆதாரம் எதுவும் ஒழுங்காக இருக்காது. இங்கேயும் பீரோவைத்தான் முதலில் திறக்க வேண்டும். அப்புறம் ஒன்று, 5 சதவீத நிர்வாகச் செலவு வரம்பைக் காட்டி ஆயா சம்பளத்தை வெட்டுகிற பழக்கம் பல கம்பெனிகளில் உண்டு. அந்த வரம்பு கம்பெனி தன் சிஎஸ்ஆர் நிர்வாகத்துக்குச் செய்யும் செலவுக்கானது, ஹோமின் திட்டச் செலவுக்கு அல்ல. இதைப் படித்துக் காட்டி ஒரு வருடச் சம்பளப் பணத்தைக் காப்பாற்றிய நாளில் எனக்குக் கிடைத்த சந்தோஷம் எந்த டீல் முடிந்தபோதும் கிடைத்ததில்லை. நீங்கள் டிரஸ்டியாக இருக்கிற இடத்துக்கு மட்டும் உங்கள் கம்பெனியில் சிபாரிசு செய்யாதீர்கள். செய்தே ஆக வேண்டுமென்றால் எழுத்தில் சொல்லிவிட்டு, முடிவெடுக்கும் கூட்டத்திலிருந்து எழுந்து போய்விடுங்கள்.

வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் இதிலேயே இறங்குவது? வீட்டுக் கடன் முடிந்து, ஒரு வருடச் செலவுக்குக் கையில் இருந்தால் யோசிக்கலாம். இதில் எனக்கு அனுபவம் இல்லை, ஆசை மட்டும் உண்டு. சொந்தமாக டிரஸ்ட் ஆரம்பிப்பது? வேண்டாம். முதலில் மூன்று வருடத் தற்காலிகப் பதிவு, வருடாவருடம் ஆடிட், ரிட்டர்ன் என்று உங்கள் நேரமெல்லாம் உங்கள் பீரோவுக்கே போய்விடும். ரெண்டு தெரு தள்ளி ஏற்கெனவே ஒன்று இருக்கிறது.

ஜூனியருக்கு மறுபடி போன் செய்து இதையெல்லாம் சொன்னேன். மாதம் 3,000 ரூபாய்க்கு பாங்க்கில் ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன், இரண்டாவது சனிக்கிழமை பீரோ, டிரஸ்டி பதவிக்கு இப்போதைக்கு நன்றி வணக்கம் என்று முடிவு செய்தாள். பத்து நாள் கழித்து வாட்ஸ்அப் வந்தது. "மேடம், டிரஸ்ட் பத்திரத்தை போட்டோ எடுத்து அனுப்பியிருக்காங்க. மொத்தம் 14 பக்கம். 9ஆம் பக்கம் இல்லை. பீரோவிலும் தேடிட்டாங்க."

பதிவு செய்த பத்திரம்தானே, சார்பதிவாளர் ஆபீஸில் நகல் மனு போடு என்றேன். இடம் எதையும் சேர்க்காமல் எழுதிய டிரஸ்ட் பத்திரம் என்றால் அது 4ஆம் புத்தகத்தில் இருக்கும், அந்த நகலை எழுதிக்கொடுத்தவருக்கோ, அந்தப் பத்திரத்தின்படி உரிமை கோருகிறவருக்கோ, அவர்கள் அனுப்பும் ஆளுக்கோ தவிர வேறு யாருக்கும் தர மாட்டார்கள். அதனால் போகும்போது பத்திரம் எழுதிக்கொடுத்தவரின் கையெழுத்தில் ஒரு அதிகாரக் கடிதமும் ஆதார் நகலும் கையோடு எடுத்துக்கொண்டு போ என்று சொல்லியிருக்கிறேன்.